ஷெட்லாண்டில் கோடைக் கம்பளி வெட்டு: புதிதாக வருபவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் வடகோடியையும் தாண்டி, 60 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது ஷெட்லாண்ட் தீவுக்கூட்டம். அபர்டீனில் மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலை லெர்விக்கில் இறங்கலாம். மரங்கள் அரிது, காற்று ஓய்வதும் அரிது. ஜூன் மாத இரவில் முழு இருட்டே வராது. இங்குள்ள சிறு பண்ணைக்குக் கிராஃப்ட் என்று பெயர், அதை நடத்துபவர் கிராஃப்டர். ஜூன், ஜூலையில் ஒரு கிராஃப்டில் கைகொடுக்கப் போகிறவர்களுக்கும், புதிதாகக் கிராஃப்ட் எடுத்துச் சில ஆடுகளோடு தொடங்குகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவும்.

வேலைக்குள் போகும் முன் நிலத்தின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். வீட்டை ஒட்டி வேலியிட்ட சில ஹெக்டேர் நிலம் உங்களுடையது. அதற்கு மேலே குன்றில் இருப்பது ஸ்காட்டல்ட் என்னும் பொது மேய்ச்சல் நிலம். அதில் ஊரார் எல்லோருக்கும் பங்கு உண்டு. யார் எத்தனை ஆடுகளை அங்கே விடலாம் என்று ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரம்பும் உண்டு. மேய்ச்சல் குழுவின் எழுத்தரிடம் உங்கள் வரம்பைக் கேட்டுக்கொள்ளாமல் ஓர் ஆட்டைக்கூட மேலே ஏற்றாதீர்கள். கிராஃப்டர்களுக்கு நிலத்தில் நிலைத்த உரிமையைத் தந்தது 1886-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த உரிமையோடு கடமைகளும் வருகின்றன: கிராஃப்டிலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைப் பயன்படுத்த வேண்டும், பாழாக விடக்கூடாது. ஆடு வாங்கும் முன்பே நிலத்துக்கான பதிவு எண்ணும் மந்தைக்கான எண்ணும் கையில் இருக்க வேண்டும். ஆடு வந்து இறங்கினால் மூன்று நாளுக்குள் அந்த இடமாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

எப்போது வெட்டுவது

தேதி குறித்துக்கொண்டு வெட்டாதீர்கள். ஆட்டின் தோளைப் பிரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் பிழை செய்வது இந்த இடத்தில்தான்.

ஷெட்லாண்ட் ஆடு பழைய இனம். சின்ன உடம்பு, இயல்பாகவே குட்டையான வால், மெல்லிய கம்பளி. நன்றாக வளர்ந்த தாயாடே 35 முதல் 45 கிலோதான். குன்றிலேயே கிடப்பவை இன்னும் சிறியவை. பெரிய பண்ணை இனங்கள் பலவற்றிடம் இல்லாமற்போன ஒரு பழக்கம் இதனிடம் இன்னும் இருக்கிறது: கோடையில் பழைய கம்பளி தானாகவே கழன்றுகொள்ளும். குளிர்காலத்தில் நின்றுபோன வளர்ச்சி, வசந்தப் புல்லைத் தின்றதும் மறுபடி தொடங்குகிறது. புது மயிர் கீழிருந்து முளைத்துப் பழையதை மேலே தள்ளுகிறது. இதைத்தான் கம்பளி எழும்புவது என்கிறார்கள்.

பார்க்கும் முறை இது. ஆட்டைப் பிடித்து நிறுத்தி, தோளில் இரண்டு கைகளாலும் கம்பளியைத் தோல் வரை பிரியுங்கள். தோலை ஒட்டிப் பளிச்சென்ற புது மயிர் தெரியும். அதற்கு மேலே பழைய கம்பளியின் அடியில் மஞ்சளாக ஒரு பிசுக்குக் கோடு இருக்கும். இரண்டுக்கும் இடையே கம்பளி மெலிந்து தளர்ந்திருந்தால் எழும்பிவிட்டது என்று பொருள். பிசுக்குக் கோடு தோலோடு ஒட்டிக் கிடந்தால் இன்னும் நாள் இருக்கிறது. தோளில் பார்த்தால் மட்டும் போதாது, விலாவிலும் தொடையிலும் பாருங்கள். கழுத்தில் தொடங்கும் எழுச்சி பின்புறத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும்.

எழும்பும் முன் வெட்டினால் கத்தரி பிசுக்கில் சிக்கும், தோலை இழுக்கும், காயம் அதிகமாகும். எழும்பிய பிறகும் காத்திருந்தால் புது மயிர் நீண்டுவிடும். கத்தரி அதையும் சேர்த்து வெட்டும், விரிப்பில், அதாவது ஒரே துண்டாக எடுக்கும் முழுக் கம்பளியில், குட்டை மயிர் கலந்து தரம் கெடும். இன்னும் தாமதித்தால் பாதிக் கம்பளி வேலிக் கம்பியிலும் ஹீதர் புதரிலும் தொங்கும்.

எல்லா ஆடும் ஒரே நாளில் தயாராவதில்லை. ஓராண்டு மறிகளும், அந்த ஆண்டு குட்டி போடாத ஆடுகளும் முதலில் எழும்பும், பெரும்பாலும் ஜூனில். பால் கொடுக்கும் தாய்கள், அதிலும் இரட்டைக் குட்டி ஊட்டுபவை, ஜூலை வரை இழுக்கும். தின்றதெல்லாம் பாலுக்குப் போய்விடுவதால் மயிருக்கு மிச்சமில்லை. ஆகவே இரண்டு தவணையாக வெட்டத் திட்டமிடுங்கள்.

பருவத்தோடு வானிலையும் ஒத்துவர வேண்டும். கம்பளி உலர்ந்திருக்க வேண்டும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், விரலை உள்ளே விட்டால் ஈரம் படலாம். மேகமூட்டமும் இளங்காற்றும் உள்ள நாள் உகந்தது. அடுத்த இரண்டு நாட்களில் வடக்குக் காற்றோடு மழை வரும் என்று அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஜூலையிலேயே இங்கு பகல் வெப்பம் சராசரியாக 14, 15 டிகிரியைத் தாண்டுவதில்லை. கம்பளி இழந்த ஆட்டை மழையும் காற்றும் சேர்ந்து கொன்றுவிடும்.

குன்றிலிருந்து ஓட்டி வருதல்

ஸ்காட்டல்ட் ஆடுகளை ஊரே கூடி ஓட்டி வரும். இதற்குக் கா என்று பெயர். ஆடுகள் வந்து சேரும் கல் பட்டிக்குக் க்ரோ என்று பெயர். புதியவருக்குக் கிடைக்கும் வேலை ஒரு வரிசையில் தன் இடத்தைக் காப்பதுதான். எளிதாகத் தெரியும், ஆனால் ஓர் ஆள் இடம் மாறினால் மொத்த மந்தையும் அந்த இடைவெளியில் புகுந்து குன்றேறிவிடும். இருபுறமும் உள்ளவர்கள் கண்ணில் படும்படி நடங்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கையை அகல விரித்து நின்றாலே ஆடு திரும்பும். கடற்பாறை விளிம்பு இருக்கும் பக்கத்தில் ஆட்டை நெருக்கவே கூடாது. விளிம்புக்கும் ஆட்டுக்கும் இடையே மெதுவாக நுழைந்து உட்புறமாகத் திருப்ப வேண்டும். இடமில்லை என்றால் அந்த ஆட்டை விட்டுவிடுங்கள்.

பட்டிக்குள் வந்ததும் காதுக்குறியைப் பார்த்துப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் காதுவெட்டு உண்டு. அடுத்தவர் ஆடு உங்கள் கூட்டத்தில் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். பிரிக்கும்போது ஆட்டைக் கம்பளியைப் பற்றி இழுக்கக் கூடாது. தோலுக்கு அடியில் இரத்தம் கட்டும், விரிப்பும் கிழியும். ஒரு கை தாடைக்கு அடியில், மறு கை பின்புறத்தில். கிடாவின் கொம்பைப் பிடித்து முறுக்குவதும் வேண்டாம்.

குட்டிகளைத் தனியாக ஒதுக்குங்கள், நெரிசலில் மிதிபடும். வெட்டப் போகும் ஆடுகளை முந்தைய இரவிலிருந்தே தீவனமின்றி நிறுத்துவது நல்லது. வயிறு நிறைந்த ஆட்டைப் புட்டத்தில் உட்கார வைத்தால் மூச்சு முட்டும், உதைக்கும், விரிப்பின் மேலேயே புழுக்கை போடும்.

கருவி

சில ஆடுகள் மட்டுமே வைத்திருப்பவர் மின்கத்தரியில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கைக்கத்தரி மெதுவாக ஓடும், அதனால் தவறும் சிறியதாக இருக்கும். தோலில் சற்றுக் கூடுதல் மயிரை விட்டுவைப்பதால் குளிருக்கும் அது நல்லது. ஷெஃபீல்டில் செய்யப்படும், வில்போல் வளைந்த ஒற்றை எஃகுக் கத்தரியே போதும். கூர்தீட்டும்போது வெளிச்சரிவில் மட்டும் கல்லைத் தேய்க்க வேண்டும். இரு அலகுகளும் ஒன்றையொன்று தொடும் உட்பக்கத்தைச் சரித்துவிட்டால் அலகுகள் விலகும், மயிரை வெட்டாமல் மென்று இழுக்கும். நாலைந்து ஆட்டுக்கு ஒருமுறை ஒரு தீட்டு, அலகில் ஒட்டிய பிசுக்கைத் துடைக்க ஒரு ஈரத்துணி.

மின்கத்தரிதான் வேண்டும் என்றால் மூன்றைக் கவனியுங்கள். வெட்டுத் தகட்டின் நுனி, சீப்பின் பல்லில் சரிவு தொடங்கும் இடத்தைத் தாண்டக் கூடாது. திருகை, வெட்டும் அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். எண்ணெயை அடிக்கடி விட வேண்டும். சீப்பு கையில் சுடுகிறதென்றால் ஆட்டின் தோலையும் சுடுகிறது. திருகு இறுகியிருக்கும், அல்லது எண்ணெய் வற்றியிருக்கும்.

இவற்றோடு ஒரு சுத்தமான மரப்பலகை அல்லது தார்ப்பாய், துடைப்பம், காயத்துக்கான கிருமிநாசினித் தெளிப்பான், கம்பளிப் பைகள். மென்மையான அடி கொண்ட காலணி அணியுங்கள், பாதத்தால் ஆட்டின் அசைவை உணர முடியும். தீவில் ஒரு பொருள் தீர்ந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க நேரும். காற்று பலமாக இருந்தால் கப்பலும் வராது. மருந்து, எண்ணெய், மாற்று அலகு எல்லாவற்றையும் மே மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வெட்டும் வரிசை

கீழே சொல்வது வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கானது. நியூசிலாந்தின் காட்ஃப்ரே போவன் பரப்பிய முறையை ஒட்டிய வரிசை இது. இதன் சிறப்பு, ஒவ்வொரு நிலையிலும் உங்கள் முழங்காலும் பாதமும் ஆட்டைத் தாங்குவதால் இடக்கை தோலை இழுத்துப் பிடிக்க மட்டும் மிஞ்சுகிறது.

1. ஆட்டின் இடப்பக்கம் நில்லுங்கள். இடக்கையால் தாடையைப் பிடித்துத் தலையை அதன் வலத்தோள் பக்கம் திருப்புங்கள். வலக்கையால் பின்புறத்தைக் கீழே அழுத்தியபடி ஓர் அடி பின்வாங்குங்கள். ஆடு புட்டத்தில் உட்கார்ந்து உங்கள் கால்களில் சாயும். நான்கு காலும் தரையில் ஊன்றாமல் இருந்தால் அடங்கிக் கிடக்கும். ஒரு குளம்பு ஊன்றினாலும் எழப் பார்க்கும்.

2. வயிறு. மார்பெலும்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டுங்கள். மடியை நெருங்கும்போது இடக்கை விரல்களால் காம்புகளை மூடிக்கொள்ளுங்கள். மறியின் சின்னக் காம்பு மயிருக்குள் மறைந்திருக்கும், அறுந்துபோனால் அந்தப் பக்கத்து மடி பயன்படாது. கிடா என்றால் ஆண்குறியின் உறை முனையில் அதே கவனம் வேண்டும். வயிற்றுக் கம்பளியை அப்போதே தனியாகப் போட்டுவிடுங்கள்.

3. தொடைகளின் உட்புறம், மலவாயைச் சுற்றி. புழுக்கை ஒட்டிய மயிரையும் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

4. இடப் பின்னங்காலின் வெளிப்புறம். இடக்கை முட்டியை விலாக்குழியில் அழுத்தினால் கால் தானாக நீளும், தோல் விறைக்கும். அங்கிருந்து வாலடி வழியாக முதுகெலும்பு வரை. குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநார் அறுபடாமல் பாருங்கள்.

5. கழுத்து. ஆட்டை முழங்கால்களுக்கு இடையே நிமிர்த்தி, தாடையைப் பின்னோக்கித் தள்ளித் தொண்டைத் தோலை விறைப்பாக்குங்கள். மார்பிலிருந்து தாடை வரை ஒரு நீண்ட வழி திறந்து, பிறகு இடப்பக்கக் கழுத்து, காதின் பின்புறம். மிகவும் ஆபத்தான இடம் இது. இங்கு அவசரம் கூடவே கூடாது.

6. இடத்தோள், முன்னங்கால்.

7. ஆட்டை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இடுப்பிலிருந்து தலை வரை, முதுகெலும்புக்கு இணையாக நீண்ட வெட்டுகள். எலும்பைத் தாண்டி ஒரு வெட்டு கூடுதலாகப் போனால், அடுத்த பக்கம் எளிதாகும்.

8. மறுபடி நிமிர்த்தி, வலக்கழுத்து, வலத்தோள், விலா, கடைசியாக வலப் பின்னங்கால். வாலடியில் முடியும்.

கைக்கத்தரியின் கீழ் அலகு எப்போதும் தோலோடு படுத்து நகர வேண்டும். நுனியால் கொத்தாதீர்கள். அலகின் அகன்ற பகுதியால் வெட்டி, முழுவதும் மூடுவதற்கு முன்பே முன்னே தள்ளுங்கள். காயங்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருகின்றன: தோல் மடிந்திருந்தது. மடிப்பு தெரிந்தால் கத்தரியை நிறுத்தி இடக்கையை இடம் மாற்றுங்கள். ஓரிடத்தில் மயிர் சற்று நீளமாக மிஞ்சிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்யும் இரண்டாம் வெட்டில் விழும் குட்டை மயிர் நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும். ஆட்டின் அழகு சில வாரங்களில் தானாகத் திரும்பும், விரிப்பு திரும்பாது.

சிறு கீறலுக்குத் தெளிப்பான் போதும். தோல் பிளந்து சதை தெரிந்தால் தையல் வேண்டும், கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கையால் பறித்தல்

கம்பளி முழுமையாக எழும்பிய ஆட்டுக்குக் கத்தரியே தேவையில்லை. ரூயிங் என்னும் பழைய முறை இருக்கிறது. ஆட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்தில் தொடங்குங்கள். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மறு கையால் சிறு சிறு பிடியாக, மயிர் வளரும் திசையிலேயே இழுங்கள். விரிப்பு ஒட்டுத்துணி உரிவதுபோல் சேர்ந்தே வரும். ஆடு அசையாமல் கிடக்கும், சில அசைபோடவும் செய்யும். துள்ளினாலோ தோல் கூடாரமாக எழுந்தாலோ அந்த இடம் இன்னும் எழும்பவில்லை. விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள், அல்லது அங்கு மட்டும் கத்தரி போடுங்கள். முன்பாதியைப் பறித்து, பின்பாதியை வெட்டுவது இங்கே சாதாரணம்.

நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் வெட்டுமுனை இல்லாத மயிர் கிடைக்கிறது, இரண்டாம் வெட்டு என்ற பேச்சே இல்லை, காயமும் இல்லை. சில ஆடுகள் மட்டும் வைத்திருப்பவர் இதைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பது பெரிய இழப்பு.

விரிப்பைப் பேணுதல்

ஒரு ஷெட்லாண்ட் ஆட்டிடம் கிடைப்பது 1 முதல் 1.5 கிலோ வரைதான். வெட்டுக்கூலிக்கே கம்பளி விலை போதாத ஆண்டுகள் உண்டு. அதனாலேயே இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும். வெள்ளை நிற ஆடுகளை முதலில் வெட்டுங்கள், மற்ற நிறமுள்ளவை பிறகு. இடையில் பலகையைப் பெருக்குங்கள். மூரிட் என்னும் செம்பழுப்பு, ஷேலா என்னும் கருஞ்சாம்பல் என்று இந்த இனத்துக்கு 11 முதன்மை நிறங்கள் சொல்லப்படுகின்றன. வெள்ளைக் கம்பளியில் ஒரு கறுப்பு மயிர் விழுந்தாலும் சாயமிடும்போது கண்ணில் குத்தும்.

விரிப்பைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் விரியுங்கள். ஓரத்துப் புழுக்கை, வைக்கோல், ஹீதர் குச்சி, குட்டை மயிர் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு கற்றையை இரு கைகளாலும் காதருகே பிடித்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். மெல்ல அறுந்தால், குளிர்காலத்தில் அந்த ஆடு பசியிலோ நோயிலோ இருந்திருக்கிறது. அந்த விரிப்பைத் தனியாக வையுங்கள். பிறகு இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, வால்பக்கத்திலிருந்து கழுத்தை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். தோல் பக்கம் வெளியே தெரிய வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றால் ஒருபோதும் கட்டாதீர்கள், அதன் இழை கம்பளியில் கலந்தால் பிரித்தெடுக்க வழியில்லை. தீவனம் வந்த பிளாஸ்டிக் சாக்கும் அதே காரணத்தால் வேண்டாம். அதற்குள் கம்பளி வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஈரமானதைப் பையில் அடைத்தால் சூடேறி மஞ்சளாகிவிடும். பைகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

இங்கு பிறந்து வளர்ந்த ஷெட்லாண்ட் ஆடுகளின் கம்பளிக்கு 2011-இல் ஐரோப்பிய அளவில் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. லெர்விக்கில் உள்ள கம்பளிக் கிடங்கில் தரம் பிரித்து வாங்குகிறார்கள். நல்ல நிற விரிப்புகளைக் கைநூற்பவர்களுக்கு நேரடியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும்.

வெட்டிய பிறகு

தாயையும் குட்டியையும் உடனே குன்றுக்கு விரட்டாதீர்கள். கம்பளி போன தாயைக் குட்டி அடையாளம் காணத் தடுமாறும். ஒரு மணி நேரமாவது பட்டியில் சேர்த்து வைத்து, குட்டி பால் குடிப்பதைப் பார்த்த பிறகு திறந்து விடுங்கள். முதல் ஓரிரு நாள் கல்மதில் மறைப்புள்ள நிலத்தில், நல்ல புல்லில் நிற்கட்டும்.

ஆடு கையில் இருக்கும்போதே மற்ற வேலைகளையும் முடித்துவிடுங்கள்: குளம்பு பார்ப்பது, குட்டிகளுக்குத் தேவையெனில் குடற்புழு மருந்து, அடையாளக் குறி. குறிக்குக் கழுவினால் போகும் மையைத்தான் பயன்படுத்த வேண்டும், பெயிண்ட் கம்பளியைப் பாழாக்கும். பீட் எனப்படும், மட்கிய செடிகளால் ஆன முற்றா நிலக்கரி மண்ணில் கோபால்ட் குறைவதால், புல் இருந்தும் குட்டிகள் மெலியும், கண்ணில் நீர் வழியும். அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் கேட்டுக் கோபால்ட் கொடுங்கள். கொடுத்த எல்லா மருந்தையும் நாள், அளவு, ஆட்டின் எண், இறைச்சிக்கு அனுப்பக் கூடாத காலம் ஆகியவற்றோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

காற்றில்லாத வெதுவெதுப்பான நாட்களில் ஈப்புழுவைக் கவனியுங்கள். காலை உதைப்பது, வாலை ஓயாமல் ஆட்டுவது, விலாவைக் கடிப்பது, கம்பளியில் கருமையான ஈரத்திட்டு இவையெல்லாம் அறிகுறிகள். முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும், ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். திட்டைச் சுற்றி நல்ல மயிர் தெரியும் வரை வெட்டி, புழுவை நீக்கி, அதற்கென உள்ள மருந்தை இடுங்கள். வாயிலோ காம்பிலோ பொருக்குப் புண் இருக்கும் ஆட்டைக் கையுறை போட்டுத் தொடுங்கள். ஓர்ஃப் என்னும் அந்தத் தொற்று மனிதருக்கும் ஒட்டும்.

கம்பளி வேலை மற்ற வேலைகளுக்கு இடையில்தான் நடக்கிறது. மே மாதத்தில் வெட்டிய முற்றா நிலக்கரிக் கட்டிகளை ஜூனில் தூக்கி நிறுத்திக் காயவைக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் புல் அறுப்பு தொடங்கும். உலர்ந்த நாள் ஒன்று வந்தால் இவை மூன்றும் போட்டி போடும். அப்போது ஆட்டுக்கே முதலிடம் கொடுங்கள். கரி இன்னொரு வாரம் காத்திருக்கும், எழும்பிய கம்பளி காத்திருக்காது.

முதல் காவில் எல்லா ஆடும் சிக்காது. குன்றில் தங்கிவிட்டவற்றின் எண்ணிக்கையை அன்றே எழுதி, பக்கத்துக் கிராஃப்டர்களிடமும் சொல்லி வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் இன்னொரு சுற்றுப் போவார்கள். அதற்குள் பாதிக் கம்பளி உதிர்ந்து இழுபட்டுக்கொண்டிருக்கும் ஆடுகள் தென்பட்டால், முழு விரிப்பு கிடைக்காது என்று விட்டுவிடாமல் பிடித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தொங்கும் கம்பளி வேலியில் சிக்கினால் ஆடு அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.